பீரின் கசப்புக்கு எந்த ஹாப்ஸ்? டார்கெட்டை விட்டுவிட்டு மேக்னத்துக்குப் போகலாமா?

ஈஸ்ட்ஹாம்_திருநகரான் | சனி, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். சொந்த ஊர் திருநகர், பிழைப்பு லண்டன் ஈஸ்ட்ஹாமில். அம்மாவுக்குக் கண்புரை அறுவை, அதற்காக ஐந்து வாரம் ஊருக்கு வந்திருக்கிறேன். கையில் நேரம் இருக்கிறது, மண்டைக்குள் ஒரு கேள்வி குடைந்துகொண்டே இருக்கிறது. அதனால் இந்த இழை.

அங்கே மூன்று வருடமாக வீட்டில் பீர் காய்ச்சுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அங்கே அது சட்டப்படி சரி. 1963 பட்ஜெட்டில் வீட்டு பீருக்கான வரியையும் லைசென்ஸையும் எடுத்துவிட்டார்கள். விற்கக்கூடாது, அவ்வளவுதான்.

கடைசியாகப் போட்டது 20 லிட்டர் பேல் ஏல். கசப்புக்கு டார்கெட் ரக ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் வாசமும் தருகிற பூ) 30 கிராம், 60 நிமிடக் கொதி. இறக்கும்போது வாசத்துக்குக் கொஞ்சம் கோல்டிங்ஸ் ரகம். முதல் மடக்கு அருமை. மூன்றாவது மடக்கிலிருந்து ஒரு கரகரப்பு. தொண்டையில் பிடிக்கிறது, நாக்கு தடித்துப்போகிறது, அரை கிளாஸுக்கு மேல் இறங்கவில்லை. வீட்டுக்காரி ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு "இது கஷாயம், நீங்களே குடிங்க" என்று தள்ளிவிட்டாள். 40 பாட்டில் கிடக்கிறது.

டார்கெட்டில் கோஹ்யூமுலோன் (கசப்பு தருகிற ஆல்ஃபா அமிலத்தில் ஒரு வகை) அதிகம், அதனால்தான் இந்த முரட்டுக் கசப்பு என்று அங்கே சிலர் சொன்னார்கள். அடுத்த முறை மேக்னம் வாங்கலாமா, வாரியர் வாங்கலாமா, இல்லை கோல்டிங்ஸையே கசப்புக்கும் போடலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

மட்டுறுத்துநர் | சனி, இரவு 9.58

இழை இருக்கட்டும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937 இன்னும் நடப்பில் இருக்கிறது. இங்கே வீட்டில் பீர் காய்ச்சுவது குற்றம். கள்ளுக்கே தடை உள்ள ஊர் இது. வெளிநாட்டில் இருப்பவர்கள் பேசலாம், மற்றவர்கள் தெரிந்துகொள்ளலாம். "மதுரையில் ஈஸ்ட் எங்கே கிடைக்கும்" என்று யாராவது கேட்டால் பதிவு போய்விடும்.

---

கோரிப்பாளையம்_2.0 | சனி, இரவு 10.05

கசப்பு வேண்டுமென்றால் மாசக் கடைசியில் என் பாஸ்புக்கை நக்கிப் பாருங்கள் அண்ணே. ஆல்ஃபா அமிலம் நூறு சதவீதம்.

---

பெர்லின்_பாண்டியன் | ஞாயிறு, அதிகாலை 2.10

தம்பி, பதினெட்டு வருட பெர்லின் வாசி சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள். கசப்புக்கென்று தனியாக ஒரு முரட்டு ஹாப்ஸ் தேடுவதே தப்பு. ஹாலர்டாவ் மிட்டல்ஃப்ரூ, டெட்நாங், சாட்ஸ், இந்த மூன்றில் ஒன்றை எடு. ஆல்ஃபா 3, 4 சதவீதம்தான் இருக்கும், கூடுதலாகப் போட வேண்டும், போடு. அந்தக் கசப்பு பட்டுத்துணி மாதிரி இறங்கும். மேக்னம் எல்லாம் பெரிய ஆலைக்காரன் காசு மிச்சம் பிடிக்கக் கண்டுபிடித்தது. நான் அதைத் தொடுவதில்லை.

---

இந்திராநகர்_மதுரைக்காரன் | ஞாயிறு, காலை 8.30

பாண்டியன் அண்ணே, உங்கள் நாக்குக்கு மரியாதை உண்டு. ஆனால் நான் பெங்களூரில் ஒரு பிரூபப்பில் (அங்கேயே பீர் காய்ச்சி விற்கிற பார்) காய்ச்சுகிற வேலையில் இருக்கிறேன், தினமும் கிலோ கணக்கில் ஹாப்ஸ் போடுகிறவன். கொஞ்சம் கணக்குப் பார்ப்போம்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: ஹாப்ஸ் பூவில் ஆல்ஃபா அமிலம் என்று ஒரு பிசின் இருக்கிறது. அப்படியே தண்ணீரில் கரையாது, பெரிதாகக் கசக்கவும் செய்யாது. மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) சாற்றில் போட்டுக் கொதிக்கவிட்டால் அதன் உருவம் மாறும், ஐசோ ஆல்ஃபா ஆகும். அதுதான் கசப்பு. ஒரு மணி நேரம் கொதித்தாலும் போட்டதில் ஏறத்தாழ கால் பங்குதான் தேறும். வாசம் தருகிற எண்ணெய்கள் அந்த ஒரு மணி நேரத்தில் ஆவியோடு போய்விடும். ஆகவே கசப்பு ஹாப்ஸில் நாம் முதலில் பார்ப்பது ஆல்ஃபா எண்ணைத்தான், மணத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

20 லிட்டருக்கு 25 ஐபியூ (கசப்பை அளக்கிற அலகு) கசப்பு வேண்டும், சாறு நடுத்தர அடர்த்தி, 60 நிமிடக் கொதி என்று வைத்துக்கொள்ளுங்கள். டின்செத் என்கிற கசப்புச் சூத்திரத்தின்படி 12 சதவீத மேக்னம் என்றால் 18 கிராம். 5 சதவீத கோல்டிங்ஸ் என்றால் 43 கிராம். 3.5 சதவீத சாட்ஸ் என்றால் 62 கிராம். கசப்பு ஒன்றேதான், ஆனால் சட்டியில் விழுகிற தழை மூன்றரை மடங்கு. அந்தத் தழை பீரைக் குடிக்கும், அடியில் சேறாகத் தங்கும், கூடவே புல் சுவையும் கொஞ்சம் இறங்கும். பெரிய ஆலைக்காரன் காசுக்காகச் செய்தான் என்பது சரி. ஆனால் நல்லதும் அதிலேயே இருக்கிறது.

மேக்னம் 1980-ல் ஜெர்மனியின் ஹ்யூல் ஆராய்ச்சி நிலையத்தில் கலீனா என்கிற ரகத்திலிருந்து உருவாக்கியது அண்ணே. உங்கள் ஊர்ச் சரக்கைத்தான் நீங்கள் தொடுவதில்லை என்கிறீர்கள்.

திருநகரான், ஒன்பதாம் வகுப்பில் என் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தவன்தானே நீ? போன் பண்ணு மாப்ள.

---

மருந்துக்கடை_மச்சான் | ஞாயிறு, காலை 11.15

எதற்கு ஐயா இத்தனை சிரமம்? நம்மிடம் நிலவேம்பு இருக்கிறது. கால் கிலோ வாங்கினால் உங்கள் தெருவுக்கே கசப்பு போடலாம். கிண்டல் இல்லை, நிஜமாகத்தான் கேட்கிறேன். கசப்புதான் வேண்டுமென்றால் ஏன் ஹாப்ஸ்தான் வேண்டும்?

---

இந்திராநகர்_மதுரைக்காரன் | ஞாயிறு, மதியம் 12.02

நல்ல கேள்வி மச்சான், சிரிக்கிற கேள்வி இல்லை. ஹாப்ஸ் வருவதற்கு முன்னால் ஐரோப்பாவிலும் கண்ட மூலிகையெல்லாம்தான் போட்டார்கள். க்ரூட் என்று அதற்குப் பெயர். 1516-ல் பவேரியாவில் பீருக்கு பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் மட்டும்தான் என்று ஆணையே போட்டார்கள். மற்றதெல்லாம் புழக்கத்தில் இருந்ததால்தானே ஆணை தேவைப்பட்டது.

ஹாப்ஸ் ஜெயித்ததற்குக் காரணம் கசப்பு மட்டும் இல்லை. பாலைப் புளிக்கவைக்கிற வகை பாக்டீரியா இருக்கிறதே, அதை அடக்கும், ஈஸ்ட்டை ஒன்றும் செய்யாது. நுரை நிற்பதற்கும் அந்த ஐசோ ஆல்ஃபாதான் துணை. அப்புறம் முக்கியமானது, அந்தக் கசப்பு ஏறும், இறங்கும். இறங்கினால்தான் அடுத்த மடக்கு கேட்கும். நிலவேம்பு ஏறினால் மறுநாள் காலை இட்லி வரைக்கும் கூடவே வரும். ஒருமுறை வேலையிடத்தில் பத்து லிட்டர் போட்டுப் பார்த்தேன். யாரிடமும் சொல்லாமல் கீழே ஊற்றினேன்.

---

சிறுமலை_சீனி | ஞாயிறு, மாலை 4.20

ஹாப்ஸ் கொடி குளிரில் வரும் என்கிறார்கள். கொடைக்கானலில் நமக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. வளர்த்தால் பெங்களூர்க்காரர்கள் வாங்குவார்களா?

---

பழைய_வேதியியல் | ஞாயிறு, மாலை 6.45

சீனி தம்பி, குளிர் மட்டும் போதாது. அந்தக் கொடிக்கு நீண்ட பகல் வேண்டும். உலகத்தில் ஹாப்ஸ் விளைகிற இடங்கள் பெரும்பாலும் 35-லிருந்து 55 பாகை அட்சத்துக்குள் இருக்கின்றன, அங்கே கோடையில் பகல் பதினைந்து, பதினாறு மணி நேரம் போகும். மதுரையும் கொடைக்கானலும் பத்தாம் பாகையை ஒட்டி. நமக்கு மிக நீண்ட பகலே பன்னிரண்டே முக்கால் மணி நேரம்தான். மலை ஏறினால் குளிர் கிடைக்கும், பகல் நீளாது. கொடி குட்டையிலேயே பூத்துவிடும், காய்ப்பு இருக்காது. ராத்திரியில் விளக்குப் போட்டு ஏமாற்றலாம், ஆனால் கரண்டு பில் பூவைவிடக் கசக்கும். இந்தியாவில் இமாச்சலத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் விளைகிறது, அது 32 பாகைக்கு மேலே.

இன்னொன்று. கொடைக்கானலில் தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். பருப்பு வேக நேரமாகிறதல்லவா, அதே கதைதான் ஆல்ஃபா அமிலத்துக்கும். அதே ஒரு மணி நேரம் கொதித்தாலும் கசப்பு குறைவாகவே வரும்.

சரி, இப்போது இழையைத் தொடங்கியவரிடம் வருகிறேன். நான் பீர் குடிப்பவன் இல்லை. முப்பத்தோரு வருடம் பள்ளியில் வேதியியல் நடத்தியவன். நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். "தொண்டையில் பிடிக்கிறது, நாக்கு தடிக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். எங்குமே "கசக்கிறது" என்று எழுதவில்லை. அதனால் மூன்று கேள்வி.

சாறு எடுக்க மால்ட்டை அலசுகிற தண்ணீர் எவ்வளவு சூடு? எவ்வளவு நேரம் அலசினீர்கள், எதுவரை? உங்கள் வீட்டுக் கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதா?

---

கோரிப்பாளையம்_2.0 | ஞாயிறு, இரவு 7.10

சார் கேள்வி கேட்டாலே எனக்கு பிராக்டிகல் எக்ஸாம் ஞாபகம் வந்து வயிறு கலங்குகிறது.

---

ஈஸ்ட்ஹாம்_திருநகரான் | ஞாயிறு, இரவு 10.30

ஐயா, மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அலசுகிற தண்ணீரைத் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்ததில்லை. எலக்ட்ரிக் கெட்டிலில் கொதித்ததும் அப்படியே ஊற்றுவேன். எதுவரை என்றால், தேங்காய்ப் பால் எடுக்கிற மாதிரிதான். முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால். காசு கொடுத்து வாங்கிய மால்ட் என்று நான்காம் பாலும் எடுத்தேன். கடைசியில் வந்தது வெறும் தண்ணீர் நிறத்தில்தான் இருந்தது. கெட்டில் அடியில் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை. லண்டன் குழாய்த் தண்ணீர் எல்லார் வீட்டிலும் அப்படித்தான்.

இன்னொரு குற்றமும் உண்டு. டார்கெட் பாக்கெட்டைப் போன வருடமே பிரித்துவிட்டேன். ஃப்ரீசரில் இடமில்லை என்று அலமாரியில் கிளிப் மாட்டி வைத்திருந்தேன். மோந்து பார்த்தால் லேசாகப் பழைய சீஸ் வாடை. வீரியம் போயிருக்கும் என்று 25 கிராமுக்குப் பதில் 30 போட்டேன்.

---

மருந்துக்கடை_மச்சான் | ஞாயிறு, இரவு 10.41

நான்காம் பால்! அம்மாவிடம் சொன்னீர்களா இதை?

---

பழைய_வேதியியல் | திங்கள், காலை 6.15

எதிர்பார்த்தேன்.

தம்பி, ஆறு சுவையில் கைப்பு ஒன்று, துவர்ப்பு வேறொன்று. சின்ன வயதிலேயே வாழைப்பூவையும் பாகற்காயையும் தின்று நாம் இதைப் படித்துவிட்டோம். இங்கிலீஷில் பேசிப் பேசி இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டு "முரட்டுக் கசப்பு" என்று சீட்டு ஒட்டிவிட்டீர்கள். ஹாப்ஸ் கொடுப்பது கைப்பு. உங்கள் தொண்டையைப் பிடிப்பது துவர்ப்பு, அது வந்தது பெரும்பாலும் பார்லி உமியிலிருந்து.

உமியில் டானின் இருக்கிறது, டீத்தூளில் இருப்பது போல. சாறு அமிலப் பக்கம் இருக்கும்வரை, சூடும் 76, 77 டிகிரிக்குள் இருக்கும்வரை அது பெரிதாக வெளியே வராது. முதல் பாலில் மால்ட்டின் அமிலத்தன்மை காவல் காக்கிறது. மூன்றாம் பால், நான்காம் பால் என்று போகப் போக மால்ட்டிலிருந்து வருகிற சரக்கு தீர்ந்து, வெறும் குழாய்த் தண்ணீர்தான் உமியோடு பேசிக்கொண்டிருக்கிறது. லண்டன் தண்ணீரில் பைகார்பனேட் அதிகம், அதாவது காரப் பக்கம். சூடோ கொதிநிலை. டீக்கடையில் முதல் டிகாஷன் இறக்கிய தூளிலேயே மறுபடி கொதிதண்ணீர் ஊற்றிப் பிழிந்தால் எப்படி இருக்கும்? அதைத்தான் நீங்கள் 20 லிட்டர் செய்திருக்கிறீர்கள்.

ஆகவே மேக்னம் வாங்கினாலும், தங்கத்தில் ஹாப்ஸ் செய்து போட்டாலும், நான்காம் பால் எடுக்கிறவரை இது போகாது.

---

பெர்லின்_பாண்டியன் | திங்கள், மாலை 5.30

சாரின் விளக்கம் சரியாகவே இருக்கட்டும். ஆனால் டார்கெட்டை முழுசாக விடுதலை செய்துவிடாதீர்கள். கோஹ்யூமுலோன் முப்பது சதவீதத்துக்கு மேல் உள்ள ஹாப்ஸ் நாக்கில் முள் மாதிரி குத்தும், 1972-லேயே ரிக்பி என்பவர் எழுதிவிட்டார். நான் அனுபவத்தில் பார்த்திருக்கிறேன்.

---

இந்திராநகர்_மதுரைக்காரன் | திங்கள், இரவு 8.05

அந்த 1972 கட்டுரையைப் பிடித்துக்கொண்டுதான் ஐம்பது வருடமாக எல்லாரும் கோஹ்யூமுலோனுக்குப் பயந்தார்கள் அண்ணே. பின்னால் ருசித்துப் பார்த்தவர்கள் பலர் அதை ஒத்துக்கொள்ளவில்லை. என் அனுபவத்தில் அளவு சரியாக இருந்தால் வித்தியாசம் மிகச் சின்னது. வாதம் பண்ணுவதைவிட நாக்கில் வைத்துப் பார்த்துவிடலாம். திருநகரான் போன் பண்ணினான். மேக்னம், கொலம்பஸ், சாட்ஸ் மூன்றிலும் ஒவ்வொரு சின்ன பாக்கெட் பஸ்ஸில் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். டார்கெட் என்னிடம் இல்லை. கொலம்பஸிலும் கோஹ்யூமுலோன் முப்பதை ஒட்டித்தான், அது டார்கெட்டுக்குப் பதிலாள்.

மட்டுறுத்துநர் பதற வேண்டாம். சர்க்கரைத் தண்ணீரில் ஹாப்ஸைக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, ஒரு ஸ்பூன் குடிப்பது. ஈஸ்ட் இல்லை, சாராயம் இல்லை. கஷாயம்தான்.

---

சிறுமலை_சீனி | திங்கள், இரவு 9.15

குறுக்கே ஒரு கேள்வி. பாட்டில் என்ன நிறம் அண்ணே? வெயில் பட்டால் பீர் கெடும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

---

ஈஸ்ட்ஹாம்_திருநகரான் | திங்கள், இரவு 9.50

பழுப்பு பாட்டில்தான் சீனி, இருட்டு அலமாரி. வெயில் பட்டால் கெடுவது வாசம். ஐசோ ஆல்ஃபா வெளிச்சத்தில் உடைந்து ஒரு கந்தக நாற்றம் வரும், பச்சை பாட்டிலில் சீக்கிரம் வரும். என்னுடையதில் நாற்றம் எதுவும் இல்லை.

---

ஈஸ்ட்ஹாம்_திருநகரான் | வியாழன், இரவு 11.20

இன்று செய்தேன். நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் சிக்கல் எடை. ஒரு லிட்டருக்கு 30 ஐபியூ என்றால் 12 சதவீத மேக்னம் ஒரே ஒரு கிராம். 15 சதவீத கொலம்பஸ் 0.8 கிராம். 3.5 சதவீத சாட்ஸ் 3.4 கிராம். அம்மாவின் சமையல் தராசு ஐந்து கிராமுக்குக் கீழே கண்ணையே திறக்காது. சித்தப்பா தெற்காவணி மூல வீதியில் நகைப் பட்டறை வைத்திருக்கிறார். மூன்று பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு அங்கே போனேன்.

ஹாப்ஸ் பெல்லட் பார்த்திருக்கிறீர்களா? கரும்பச்சையில் கோழித் தீவனக் குருணை மாதிரி இருக்கும். மேக்னம் பாக்கெட்டைக் கத்தரித்ததும் பட்டறை முழுக்க ஒரு வாசம், பச்சைப் புல்லும் மிளகும் எலுமிச்சைத் தோலும் கலந்த மாதிரி. விரலில் நசுக்கினால் மஞ்சளாகப் பிசுபிசுவென்று ஒட்டுகிறது, வேப்பம் பிசின் போல. சித்தப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார். "டேய், இது அது இல்லையே?" என்றார். இல்லை சித்தப்பா, பீரில் போடுகிற பூ என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். படித்த திமிரில் "கஞ்சாச் செடிக்கும் இதுக்கும் ஒரே குடும்பம்தான், ஆனா போதை கிடையாது" என்று சேர்த்துவிட்டேன். மனிதர் எழுந்து போய் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்துதான் தராசைத் தொட்டார்.

நாலு பொட்டலமாக மடித்துக் கொடுத்தார், மூக்குத்திக் கல் மடிக்கிற அந்த ரோஸ் காகிதத்தில்.

வீட்டில் கேஸ் அடுப்பு, நாலு பாத்திரம். கேன் தண்ணீரில் ஒரு லிட்டருக்கு 100 கிராம் சர்க்கரை, எலுமிச்சை சில சொட்டு. சார் கொடுத்த பிஎச் தாள் ஐந்தரைக்குப் பக்கத்தில் நிறம் காட்டியது. அதில் மூன்று ஹாப்ஸும் தனித்தனியாக. நாலாவது பாத்திரத்தில் மேக்னம் அதே ஒரு கிராம், அதே சர்க்கரை, ஆனால் எங்கள் வீட்டு போர் தண்ணீர், எலுமிச்சை இல்லாமல். தாள் எட்டைக் காட்டியது. வாளியில் ஊற்றி வைத்தால் மறுநாள் விளிம்பில் உப்பு வளையம் கட்டுகிற தண்ணீர். லண்டன் தண்ணீருக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரக் கொதி, வற்ற வற்ற வெந்நீர் ஊற்றி அளவு காத்தேன். ஐந்தாவது டம்ளராக, சார் சொன்னபடி, இருபது நிமிடம் கொதித்த கட்டன் டீ, சர்க்கரை இல்லாமல். துவர்ப்பு என்றால் என்ன என்று நாக்குக்கு ஒரு அளவுகோல்.

நிறத்திலேயே முதல் அதிர்ச்சி. கேன் தண்ணீர் மூன்றும் வெளிறிய மஞ்சள். போர் தண்ணீர் மட்டும் ஆரஞ்சுப் பழுப்பு. ஹாப்ஸ் ஒன்று, எடை ஒன்று, அடுப்பு ஒன்று.

அம்மாவுக்கு அறுவைக்கு அப்புறம் கொடுத்த கறுப்புக் கண்ணாடி. நிறம் எதுவும் தெரியாது. எது எதுவென்று சொல்லாமல் ஒவ்வொரு ஸ்பூனாகக் கொடுத்தேன், இடையில் ஒரு வாய் வெறும் சோறு.

முதல் டம்ளர் மேக்னம்: "கஷாயத்துக்கு வெல்லம் போட்ட மாதிரி இருக்கு. கசப்பு வருது, போயிருது."

இரண்டாவது கொலம்பஸ்: "இதத்தான இப்ப குடுத்த?"

மூன்றாவது சாட்ஸ்: கொஞ்ச நேரம் வாயிலேயே வைத்திருந்தார். "கசப்பு அதே அளவுதான். ஆனா கீரைத் தண்டு வெந்த தண்ணி மாதிரி ஒரு வாடை. லேசாத் துவர்க்குது."

நாலாவது போர் தண்ணீர் மேக்னம். முகத்தைச் சுளித்தார். "இது வேற. கசப்புன்னா நாக்கோட அடியில போய் நிக்கும்டா. இது கன்னத்தைப் புடிச்சு உள்ள இழுக்குது. வாழைப்பூவை மோர்ல போடாம சமைச்ச மாதிரி."

ஐந்தாவது, டீ: "ஆங், இதுதான். நாலாவதுல இருந்தது இதுதான்."

நான் குடித்துப் பார்த்தேன். என் 40 பாட்டிலின் கரகரப்பு நாலாவது டம்ளரில் அப்படியே இருந்தது. மேக்னத்துக்கும் கொலம்பஸுக்கும் கசப்பில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. கொலம்பஸில் மூக்குக்கு ஒரு துளி கூடுதல் மிளகு வாடை மிச்சம் இருந்தது, அவ்வளவுதான்.

---

பழைய_வேதியியல் | வெள்ளி, காலை 6.05

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். லேப் அசிஸ்டென்டாகக் கிடைத்திருந்தால் முப்பத்தோரு வருடம் நிம்மதியாக ஓட்டியிருப்பேன்.

ஒன்றைக் கவனியுங்கள். நாலாவது டம்ளரில் உமியே இல்லை. அப்படியிருந்தும் துவர்த்திருக்கிறது. காரத் தண்ணீர் ஹாப்ஸ் தழையிலிருந்தும் அந்தச் சரக்கை இழுத்துக்கொண்டு வருகிறது, நிறமும் அதனால்தான். லண்டனில் உங்களுக்கு இரண்டு வழியிலும் வந்திருக்கிறது, உமியிலிருந்தும் தழையிலிருந்தும். நான் உமியை மட்டும் பிடித்தேன். பாதி விடைதான் எழுதியிருக்கிறேன், பாதி மதிப்பெண் போட்டுக்கொள்ளுங்கள்.

---

பெர்லின்_பாண்டியன் | வெள்ளி, மதியம் 1.15

சர்க்கரைத் தண்ணீர் பீர் ஆகாது. சாட்ஸின் அழகு மால்ட்டோடு சேர்ந்து, மூன்று வாரம் குளிரில் கிடந்தால்தான் வெளியே வரும். கொதிக்கவைத்த அன்றைக்கே கீரைத் தண்டு என்று தீர்ப்பு எழுதுவது அநியாயம். என் லாகருக்கு நான் சாட்ஸ்தான் போடுவேன். ஆனால் அம்மாவின் நாக்கோடு எனக்குச் சண்டை இல்லை.

---

இந்திராநகர்_மதுரைக்காரன் | வெள்ளி, மதியம் 2.40

லாகருக்கு நீங்கள் சொல்வது சரி அண்ணே, மென்மையான தண்ணீரும் பொறுமையும் இருந்தால். செக் நாட்டு பில்சன் ஊரில் தண்ணீர் மெத்தென்று இருந்ததால்தான் அங்கே சாட்ஸ் அத்தனை எடுப்பாக நின்றது. இவன் ஊர்த் தண்ணீரில் 62 கிராம் தழை போட்டால் என்ன ஆகும் என்று நாலாவது டம்ளர் சொல்லிவிட்டதே.

மாப்ள, உனக்கு என் யோசனை: மேக்னம் அல்லது வாரியர், எது புதிதாகக் கிடைக்கிறதோ அது. பாக்கெட்டில் அறுவடை வருடமும் ஆல்ஃபா எண்ணும் போட்டிருக்கும், அதைப் பார்த்து வாங்கு, பிரித்ததைக் காற்றில்லாமல் மூடி ஃப்ரீசரில் வை. மீன் பாக்கெட்டை வேறு எங்கேயாவது வைக்கச் சொல். பழசாகிவிட்டது என்று கண்ணை மூடிக்கொண்டு ஐந்து கிராம் கூட்டிப் போடுகிற வேலை இனி வேண்டாம்.

தண்ணீரை முந்தின நாள் ராத்திரியே கொதிக்கவைத்து ஆறவிடு. வெள்ளை அடியில் தங்கும், மேலே இருப்பதை மட்டும் மொண்டு எடு. அந்த பைகார்பனேட்டில் பெரும்பகுதி அப்படியே கழிந்துவிடும். ஒரு சிட்டிகை ஜிப்சம் சேர்த்தால் கசப்பு இன்னும் பளிச்சென்று நிற்கும். அலசுகிற தண்ணீர் 75 டிகிரிக்கு மேல் போகக்கூடாது, இரண்டாம் பாலோடு நிறுத்து.

---

கோரிப்பாளையம்_2.0 | வெள்ளி, மாலை 3.30

இந்தியா பேல் ஏல் என்கிறார்களே, அது நம்ம ஊர்ச் சரக்கா?

---

ஈஸ்ட்ஹாம்_திருநகரான் | வெள்ளி, மாலை 5.10

நம்ம ஊருக்கு வந்த சரக்கு. பதினெட்டாம் நூற்றாண்டுக் கடைசியில் லண்டன் போ பகுதியில் ஹாட்ஜ்சன் என்பவரின் ஆலையிலிருந்து கிழக்கிந்தியக் கப்பல்களில் ஏற்றினார்கள். மாதக்கணக்கில் கடல் பயணம், வெயில், அதனால் ஹாப்ஸை அள்ளிப் போட்டார்கள். அந்த போ என் வீட்டிலிருந்து ரயிலில் சில ஸ்டேஷன்தான். அங்கேயிருந்து கசப்பை இங்கே அனுப்பினார்கள், நான் அங்கே செய்த கசப்புக்கு இங்கே வந்து பஞ்சாயத்து வைக்கிறேன்.

பெங்களூர் மாப்ள, உன் பேச்சுப்படி மேக்னம்தான். 20 லிட்டருக்கு 18 கிராம், 25 ஐபியூ. கோல்டிங்ஸ் கடைசியில் வாசத்துக்கு மட்டும். ஆனால் முதல் தடவை ஒன்று செய்யப்போகிறேன், திட்டாதே. தண்ணீரையும் அலசலையும் மட்டும் சரிசெய்து, புது டார்கெட் பாக்கெட் வாங்கி 21 கிராம் போட்டு ஒரு காய்ச்சல். அதற்கடுத்த வாரம் மேக்னத்தில் அதே பீர். டார்கெட் நிரபராதியா என்று தெரியாமல் எனக்குத் தூக்கம் வராது.

---

மருந்துக்கடை_மச்சான் | வெள்ளி, மாலை 6.00

அந்த 40 பாட்டிலை என்ன செய்யப்போகிறீர்கள்?

---

ஈஸ்ட்ஹாம்_திருநகரான் | வெள்ளி, மாலை 6.25

ஆறு மாதம் இருட்டில் கிடக்கட்டும். டானின் கொஞ்சம் கொஞ்சமாக அடியில் தங்கும் என்கிறார்கள். தங்காவிட்டால் கறி ஊறவைக்க ஆகும்.

---

ஈஸ்ட்ஹாம்_திருநகரான் | ஞாயிறு, காலை 10.15

இழைக்குச் சம்பந்தமில்லாத ஒரு சின்ன விஷயம். சித்தப்பா காலையில் போன் செய்தார். நேற்று தாலி செய்யக் கொடுக்க வந்த வீட்டார், தராசுத் தட்டில் என்ன வாசம் என்று கேட்டார்களாம். பிசின் ஒட்டியிருக்கிறது, சோப்புக்குப் போகவில்லை. சார், எதில் துடைத்தால் போகும்?

---

பழைய_வேதியியல் | ஞாயிறு, காலை 10.40

ஆல்கஹால். மருந்துக்கடையில் ஸ்பிரிட் என்று கேளுங்கள், பஞ்சில் நனைத்துத் துடையுங்கள்.